கண்ணோட்டமும் கத்தரிப்பும்

காணத்தக்கது எது என்னும் வினா மெய்யியலுக்குப் புதியதன்று. கண்முன் விரியும் காட்சி முழுவதையும் மனம் ஒருசேரக் கொள்வதில்லை. சிலவற்றைக் கொண்டு பலவற்றை விடுகின்றது. கொள்வதும் விடுவதுமாகிய இச்செயல் ஒருவருடைய அறிவோடு மட்டுமன்றி ஒழுக்கத்தோடும் தொடர்புடையது எனச் சிந்தனையாளர் பலர் வற்புறுத்தியுள்ளனர். எனினும் அண்மைக்காலம் வரை இவ்வினா மனிதரின் பார்வையைப் பற்றியதாகவே இருந்துவந்தது. மனிதனுக்காகப் பொறியொன்று காணத்தக்கதைத் தெரிந்தெடுக்கும் நிலை தோன்றியபின் அது புதியதொரு வடிவைப் பெற்றுள்ளது. இணையத்தளங்களிலும் கைத்தொலைபேசிச் செயலிகளிலும் நிழற்படங்களைத் தன்னியக்கமாகக் கத்தரிக்கும் முறை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். மிகச் சிறியதாகத் தோன்றும் இச்செயலினுள் அறவியலின் பெரிய வினாக்கள் சில அடங்கியிருத்தலை ஆராய்தல் பயனுடையது.

நிழற்படங்கள் பல வடிவின. சில நீண்டவை, சில அகன்றவை. அவற்றைக் காட்டும் திரையிலோ படத்துக்கென ஒதுக்கப்படும் சட்டம் பெரும்பாலும் ஒரே வடிவினதாக அமைக்கப்படுகின்றது. சட்டத்துக்குப் பொருந்தாத படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டி எஞ்சியதை மறைப்பதே கத்தரித்தல் எனப்படும். நாளொன்றுக்குச் சில படங்களை வெளியிடும் பத்திரிகையிலே இதனை ஆசிரியர் ஒருவர் செய்துவிடலாம். கோடிக்கணக்கானோர் படங்களை ஏற்றும் தளத்திலே அஃது இயலாது. படத்தின் நடுப்பகுதியை எடுத்து ஓரங்களை நீக்குவது மிக எளிய வழி. ஆயின் நின்றிருக்கும் மனிதரின் படத்தில் அது தலையை நீக்கி வயிற்றைக் காட்டிவிடும். முகத்தைத் தேடி அதனைச் சுற்றிக் கத்தரிப்பது அடுத்த வழி. எல்லாப் படங்களிலும் முகம் இருப்பதில்லை. இருக்கும் முகத்தைப் பொறி காணத் தவறுவதும் உண்டு. இவ்விடர்ப்பாடுகளிலிருந்தே மூன்றாவது வழி பிறந்தது.

2023 இல் எக்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்ட ருவிற்றர் நிறுவனம், 2018 சனவரியில் இம்மூன்றாவது வழியை விளக்கி அறிவித்தது. படமொன்றைப் பார்ப்போரின் விழிகள் எங்கெங்கே சென்று தங்குகின்றன என்பதைக் கருவிகொண்டு அளக்கலாம். அவ்வாறு திரட்டப்பட்ட தரவுகளைக் கணினி நிரலொன்றுக்குப் பயிற்றினால், அது புதிய படமொன்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஈர்ப்பு மதிப்பெண் ஒன்றை வழங்கக் கற்றுக்கொள்ளும். முகங்கள், எழுத்துக்கள், விலங்குகள், ஒளியும் இருளும் கூர்மையாக மாறும் இடங்கள் ஆகியன பொதுவாக மிகுந்த மதிப்பெண்ணைப் பெறும். மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற புள்ளியைச் சூழ்ந்த பகுதி சட்டத்துள் வைக்கப்படும், ஏனையது மறைக்கப்படும். பார்ப்போர் எதனைப் பார்க்க விரும்புவரோ அதனையே காட்டுதல் என்பது இதன் நோக்கம். நோக்கத்திலே குறைகாண இடமில்லை.

2020 செப்டெம்பரில் பயனர் சிலர் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கினர். மிக நீண்டதொரு படத்தின் இரு முனைகளிலும் இரு முகங்களை வைத்து, இடையில் வெற்றிடம் விட்டு அதனைத் தளத்தில் ஏற்றினர். சட்டத்துள் ஒரு முகமே அடங்குமாதலின், பொறி இருவருள் ஒருவரைத் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதி பராக் ஒபாமாவின் முகமும் செனற்றர் மிற்ச் மக்கொனெலின் முகமும் இவ்வாறு வைக்கப்பட்டபொழுது, எவரை மேலே வைப்பினும் எவரைக் கீழே வைப்பினும் மக்கொனெலே சட்டத்துள் தோன்றினார். கழுத்துப்பட்டிகளின் நிறத்தை மாற்றியபொழுதும் முடிவு மாறவில்லை. கறுப்பினத்தவரைப் பொறி ஒதுக்குகின்றது என்னும் குற்றச்சாட்டு விரைவிற் பரவிற்று.

தனியொரு சோதனை எதனையும் நிறுவிவிடாது. ஆதலின் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே இதனை முறையாக ஆராய்ந்து 2021 மே மாதத்தில் முடிவுகளை வெளியிட்டனர். ஆணின் படத்தையும் பெண்ணின் படத்தையும் இணைத்து நோக்கியபொழுது, சமநிலையிலிருந்து 8 சதவீத வேறுபாடு பெண்களுக்குச் சார்பாகக் காணப்பட்டது. வெள்ளையரையும் கறுப்பரையும் ஒப்பிட்டபொழுது 4 சதவீதம் வெள்ளையருக்குச் சார்பாக இருந்தது. பெண்களுக்குள்ளே இவ்வேறுபாடு 7 சதவீதமாகவும் ஆண்களுக்குள்ளே 2 சதவீதமாகவும் அமைந்தது. ஆண் பெண் இருபாலாரிலும் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று படங்களில் பொறி தலையை விட்டு உடலின் வேறிடத்தைத் தெரிந்தது. பெரும்பாலும் அது விளையாட்டு உடையிற் பொறித்த இலக்கம் போன்ற ஒன்றாக இருந்தது. அதே ஆண்டு ஓகஸ்ற்றில் அந்நிறுவனம் தன் நிரலைப் பொதுவில் வைத்து, குறைகாண்போருக்குப் பரிசளிக்கும் போட்டியொன்றை நடத்திற்று. மெலிந்த, இளமையான, வெளிர்நிறத் தோலுடைய முகங்களைப் பொறி கூடுதலாக விரும்புகின்றது என்பதைக் காட்டிய ஆய்வு முதற்பரிசைப் பெற்றது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் ஒதுக்கப்படுவதை இன்னோர் ஆய்வு காட்டிற்று. அரபு எழுத்தும் இலத்தீன் எழுத்தும் ஒரே படத்தில் அமைந்தவிடத்து இலத்தீன் எழுத்தின்பாற் பொறி சாய்கின்றது எனப் பிறிதோர் ஆய்வு கூறிற்று. அவ்வாய்வு அரபு எழுத்தைப் பற்றியதே. எனினும் இலத்தீன் அல்லாத எழுத்துக்களைத் தம் மொழிக்கு உரியனவாகக் கொண்டோர் அனைவரும் எண்ணிப்பார்க்க வேண்டியதொன்று அதிலே உண்டு.

இந்நிகழ்ச்சி எழுப்பும் அறவினாக்களுள் முதலாவது, இதிலே தீங்கு உண்டா என்பதாம். நூற்றுக்கு நான்கு என்பது சிறிய எண். மறைந்த பகுதியை ஒருமுறை விரலால் தொட்டுக் காணலாம். எவரும் அடிக்கப்படவில்லை, எவருடைய பொருளும் கவரப்படவில்லை. ஆதலின் இதனை அநீதி எனல் மிகைக்கூற்று என ஒருசாரார் வாதிடலாம்.

இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் அது தீங்கின் அளவை நோக்குகின்றதேயன்றி அதன் தன்மையை நோக்கவில்லை. நண்பர் இருவர் சேர்ந்து படமொன்றை எடுத்து வெளியிடுகின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் சேர்ந்து நிற்பதே அப்படத்தின் பொருள். பொறி அதனைக் கத்தரித்து ஒருவரை மட்டும் காட்டும்பொழுது, அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் பெயரால் உலகுக்குச் சொல்லிவிடுகின்றது. விரைந்து கடந்துசெல்வோர் பலர் படத்தைத் தொட்டு விரிப்பதில்லை. அவர்களுக்குச் சட்டத்துள் உள்ளதே படம். நீக்கப்பட்டவர் தம்முடைய படத்திலேயே தாம் இல்லாதவராகின்றார். தம்மைப் போன்றவர்கள் வேறிடங்களிலும் அடிக்கடி நீக்கப்படுவதை அறிந்த ஒருவருக்கு இது தற்செயலாகத் தோன்றாது; பழைய புண்ணின்மேற் பட்ட புதிய அடியாகவே தோன்றும். எனவே ஒரு படத்தில் சிறிதாயுள்ள இத்தீங்கு, அதனைத் தாங்குவோரின் வரலாற்றோடு சேர்த்து எடைபோடப்படவேண்டியதாகும்.

இரண்டாவது வினா பொறியின் குற்றமின்மை பற்றியது. பொறிக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. மனிதரின் விழிகள் சென்ற வழியை அது கற்றுக்கொண்டது. கண்ணாடியிலே தோன்றும் முகத்துக்குக் கண்ணாடியை நோவது எவ்வாறு எனக் கேட்கலாம். இங்கே இரு பிழைகள் மறைந்துள்ளன.

முதற்பிழை, உள்ளதிலிருந்து வேண்டுவதற்குத் தாவுதல். உள்ளதைக் கூறும் வாக்கியங்களிலிருந்து செய்யவேண்டியதைக் கூறும் வாக்கியத்தை நேரே பெறமுடியாது என்பதை டேவிட் ஹியூம் 1740 இல் வெளியான தமது நூற்பகுதியிலே சுட்டிக்காட்டினார். விழிகள் ஓரிடத்தில் மிகுதியாகத் தங்கின என்பது உள்ளதைக் கூறுவது. அவ்விடத்தையே காட்டவேண்டும் என்பது வேண்டுவதைக் கூறுவது. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல இடையிலே மதிப்பீடு ஒன்று தேவை. அம்மதிப்பீட்டைச் செய்தவர்கள் மனிதர்களே. ஆயின் அது கணக்கினுள் மறைந்துவிட்டமையால், எவரும் மதிப்பிடவில்லை என்னும் தோற்றம் உண்டாகின்றது. அன்றியும் கண்ணாடி தான் காட்டுவதை மாற்றுவதில்லை. இப்பொறியோ பார்வை சென்ற இடத்தை மட்டுமே அடுத்தவருக்கும் காட்டுகின்றது. பார்க்கப்பட்டதே மீண்டும் பார்க்கப்பட, பார்க்கப்படாதது பார்க்கப்படும் வாய்ப்பையே இழக்கின்றது.

இரண்டாம் பிழை இன்னும் ஆழமானது. ஈர்ப்பு என்பது படத்திலே உள்ள பண்பு எனப் பொறி கொள்கின்றது. சோவியத் உளவியலாளர் அல்பிறெட் யார்பூஸ் 1965 இல் வெளியிட்ட நூல் இதற்கு மாறான உண்மையைக் காட்டிற்று. ரஷ்ய ஓவியர் இலியா றெப்பினின் ஓவியமொன்றை அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். நெடுங்காலம் பிரிந்திருந்த ஒருவர் எதிர்பாராது வீட்டினுள் நுழைய, குடும்பத்தினர் திகைத்து நோக்கும் காட்சி அது. அதனைப் பார்ப்பவரிடம் யார்பூஸ் வெவ்வேறு வினாக்களைக் கேட்டு விழிகளின் அசைவைப் பதிவு செய்தார். இவர்களின் வயதென்ன எனக் கேட்டபொழுது விழிகள் முகம் முகமாகச் சென்றன. குடும்பத்தின் பொருள்நிலை யாது எனக் கேட்டபொழுது அவை உடைகளிலும் தளபாடங்களிலும் உலாவின. ஓவியம் ஒன்றே, கண்ணும் அதே கண். வினா மாறியபொழுது காட்சி மாறிற்று. எனவே பார்வை செல்லும் இடம் படத்தை மட்டும் பொறுத்ததன்று. பார்ப்பவர் எதனை நாடிப் பார்க்கின்றார் என்பதையும் பொறுத்ததாகும்.

தமிழ்ச் சிந்தனை மரபுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. கண் தானாகக் காண்பதில்லை, உயிரின் துணைகொண்டே காண்கின்றது என்பதை மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராஞ் சூத்திரத்தில் உவமையாக எடுத்தாண்டார். ஐரோப்பிய மெய்யியலிலே ஐரிஸ் மேர்டொக் 1970 இல் வெளியான தமது நூலில் இதனை அறவியலோடு இணைத்தார். அவர் தரும் எடுத்துக்காட்டு எவருக்கும் விளங்கக்கூடியது. மாமியார் ஒருவர் தம் மருமகளைப் பண்பு குறைந்தவள் என எண்ணுகின்றார். வெளியே குறைவின்றி நடந்துகொள்கின்றார். காலப்போக்கில் தம் பார்வையே குறுகியதோ, பொறாமை கொண்டதோ என ஐயுற்று, மருமகளை மீண்டும் நோக்குகின்றார். பண்பின்மையாகத் தோன்றியது கள்ளமற்ற எளிமையாக இப்பொழுது தோன்றுகின்றது. புறத்தே எச்செயலும் மாறவில்லை. ஆயினும் மாமியார் அறநிலையில் முன்னேறியுள்ளார் என்பது மேர்டொக்கின் முடிவு. முதற்பார்வையைத் திருத்தி மீண்டும் நோக்குதலே இங்கே அறச்செயல். பொறி கற்றுக்கொண்டதோ முதற்பார்வையை மட்டுமே. படத்தைக் கண்டதும் சில கணங்களில் விழிகள் ஓடிய இடத்தையே அது அறியும். அவ்விடத்திலிருந்து விழியைத் திருப்பிக் கொண்டவர்கள் ஏன் திருப்பினர் என்பதை அஃது அறியாது.

கண்ணோட்டம் என்னும் சொல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கண் ஓடுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். அவ்வகையில் விழியசைவை அளக்கும் கருவி அளப்பதும் கண்ணோட்டமே. ஆயின் வள்ளுவர் அச்சொல்லைத் தலைப்பாக்கி ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தை வகுத்தபொழுது கருதியது வேறு. பழகியவரிடத்தும் துன்புற்றோரிடத்தும் கண் தானே இரங்கிச் செல்லுதலை அவர் அறமாகக் கொண்டார். ஒரே சொல் விழியின் ஓட்டத்தையும் உள்ளத்தின் இரக்கத்தையும் குறித்தல் தமிழின் சிறப்பாகும். முன்னதை அளந்து பின்னதைப் பெற்றுவிட முடியாது.

மூன்றாவது வினா திருத்தத்தைப் பற்றியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமவாய்ப்புக் கிடைக்கும்படி பொறியைத் திருத்திவிட்டால் குறை நீங்குமன்றோ? எண்ணிக்கையில் நீங்கும். ஆயின் மேலே கூறிய நண்பர் இருவரின் படத்தை மீண்டும் நோக்குக. திருத்தப்பட்ட பொறியும் அவ்விருவருள் ஒருவரையே தெரியும். இன்று இவரை நீக்கிய பொறி நாளை வேறொரு படத்தில் வேறொருவரை நீக்கும் என்பது இவருக்கு ஆறுதலாகாது. பகிர்ந்தளிக்கக்கூடிய பொருளிலே சமபங்கு நீதியாகும். ஒருவர் தம் படத்தில் இடம்பெறுதல் அத்தகைய பொருளன்று. மனிதரை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளாது குறிக்கோளாகவும் கொள்ளவேண்டும் என 1785 இல் இமானுவேல் கான்ற் வகுத்த நெறி இங்கே பொருந்துவது. பார்ப்போரின் கவனத்தை ஈர்க்கும் அளவுக்கே மனிதருக்கு இடமளிக்கும் முறை, எத்துணைச் சமமாக இயங்கினும், அவரைக் கவனத்தின் கருவியாகவே கொள்கின்றது. முகத்தை விட்டு உடையின் இலக்கத்தைத் தெரிந்த படங்கள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. பொறியின் கணக்கில் முகமும் இலக்கமும் ஒரே வகையின.

நான்காவது மறுப்பே வலிமை மிக்கது. மனிதரும் கத்தரிக்கின்றனர், அவர்களின் கத்தரிப்பு இதனினும் தூயதா? 2020 சனவரியில் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் காலநிலை மாற்றத்துக்கு எதிராகக் குரல்கொடுக்கும் இளம்பெண்கள் ஐவர் சேர்ந்து நின்ற படத்தை அசோசியேற்றட் பிறெஸ் நிறுவனம் வெளியிட்டது. வெளியான படத்தில் நால்வரே இருந்தனர். சுவீடன் நாட்டவரான கிறேற்ரா துன்பேர்க் உட்பட நால்வரும் வெள்ளையர். நீக்கப்பட்டவர் உகண்டா நாட்டவரான வனெசா நகாற்றே. அவருக்குப் பின்னாலிருந்த கட்டடம் படத்தின் அமைப்பைக் குலைத்தமையாலேயே அப்பகுதி நீக்கப்பட்டது, வேறு நோக்கமில்லை என நிறுவனத்தின் சார்பில் விளக்கம் தரப்பட்டது. இங்கே பொறி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற மனிதக் கண்ணே இதனைச் செய்தது.

எனவே மனிதப் பார்வை குற்றமற்றது என்னும் எண்ணத்துக்கு இடமில்லை. அதுமட்டுமன்று, பொறியின் சாய்வை 8 என்றும் 4 என்றும் அளந்து கூறமுடிந்தது. பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் சாய்வை அவ்வாறு அளப்பது அரிது. இவ்வகையில் பொறி மனிதனைவிட ஆராய்வுக்கு எளிதாகத் தன்னைத் தருகின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வேறுபாடு தூய்மையிலே இல்லை. விடையிறுக்கும் கடப்பாட்டிலே உள்ளது. டாவோஸ் நிகழ்ச்சியிலே, என்னை ஏன் நீக்கினீர்கள் என நகாற்றே வெளிப்படையாகக் கேட்டார். கேட்பதற்கு ஒருவர் இருந்தார். காரணம் கூறப்பட்டது, அது போதாது எனக் கண்டனம் எழுந்தது, நிறுவனத்தின் ஆசிரியபீடத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். நாணுதல், வருந்துதல், மீண்டும் நோக்குதல் ஆகியவற்றுக்கு அங்கே இடமிருந்தது. பொறியிடம் ஏன் எனக் கேட்டால் கிடைப்பது ஒரு மதிப்பெண். மதிப்பெண் காரணமாகாது. அதனை ஆக்கியோர் பயிற்சித் தரவைச் சுட்டுவர்; தரவைத் திரட்டியோர் பார்த்தவர்களின் விழிகளைச் சுட்டுவர்; விழிகளுக்கு உரியோர் தம் பார்வை இவ்வாறு பயன்படும் என எண்ணியிருக்கமாட்டார். எல்லோரும் சிறிது செய்ய, எவரும் செய்யாததாக முடிகின்றது. பொறுப்பு இவ்வாறு கரைந்துபோதலே தன்னியக்கத்தின் பேராபத்து எனலாம்.

ஆதலின், 2021 இல் நிறுவனம் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. படத்தை எவ்வாறு கத்தரிப்பது என்பது மனிதரிடமே விடப்படவேண்டிய தீர்மானம் என அஃது ஏற்றுக்கொண்டது. பொறியை மேலும் நுண்ணியதாக்குவதற்குப் பதிலாக, வழக்கமான வடிவினவாகிய படங்களை அவ்வடிவிலேயே கைத்தொலைபேசியிற் காட்டும்படி சட்டம் மாற்றப்பட்டது. படத்தை வெளியிடுபவர் அது எவ்வாறு தோன்றும் என்பதை முன்கூட்டியே அறியவும் முடிந்தது. இத்தீர்வு மிக எளியது. எளிதாயிருந்தும் ஆண்டுகள் பல அது எவருக்கும் தோன்றவில்லை போலும். சட்டம் மாறாதது, படமே வளையவேண்டும் என முன்னரே கொண்டுவிட்டமையே அதற்குக் காரணம். எவரை நீக்குவது என்னும் வினாவுக்குச் சரியான விடையைத் தேடுவதில் அறிவு செலவிடப்பட்டது. ஏன் நீக்கவேண்டும் என்னும் வினா பிந்தியே எழுந்தது.

தன்னியக்கக் கத்தரிப்பை முற்றாக விலக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும் முடிவன்று. விற்பனைக்குரிய சப்பாத்தின் படத்தையோ வானத்தின் படத்தையோ பொறி கத்தரிப்பதனால் எவருக்கும் அநீதி நேர்வதில்லை. மனிதர் இடம்பெறும் படத்திலும், ஒருவர் ஏதேனும் சொல்லக் கருதி ஆக்கிய படத்திலும் நிலைமை வேறு. அங்கே பொறி முன்மொழியலாம். முடிவை அப்படத்துக்குரியவர் செய்யவேண்டும். கத்தரிக்கப்பட்டது என்பது பார்ப்பவருக்குத் தெரியவேண்டும். ஏன் எனக் கேட்பவருக்கு விடைகூற மனிதர் ஒருவர் இருக்கவேண்டும். இம்மூன்றும் சிறிது காலத்தையும் உழைப்பையும் வேண்டுவன. அக்காலத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தவே பொறி ஆக்கப்பட்டது என்பது உண்மை. ஆயின் மிச்சப்படுத்தப்பட்ட உழைப்பு இன்னொருவரைக் கருத்தோடு நோக்கும் உழைப்பாக இருக்குமாயின், அச்சிக்கனத்தின் விலையைப் படத்தின் ஓரத்தில் நின்றவர்களே செலுத்துகின்றனர்.